அமெரிக்கக் கல்லூரி விண்ணப்பத்தில் வெளிநாட்டு மொழிப் பாடம்: எந்த மொழி, எத்தனை ஆண்டு, தமிழுக்கு என்ன இடம்?

கேள்வி இதுதான்: மகள் கலிபோர்னியாவில் 8ஆம் வகுப்பு படிக்கிறாள். உயர்நிலைப் பள்ளியில் ஸ்பானிஷ், பிரெஞ்சு, மாண்டரின் (சீனம்), லத்தீன் நான்கும் இருக்கின்றன. எதை எடுத்தால் கல்லூரிச் சேர்க்கைக்கு நல்லது? பொறியியல் படிக்க ஆசைப்படுகிறாள் என்பதால் இரண்டு வருடத்தோடு மொழியை நிறுத்திவிடலாமா? சின்ன வயதிலிருந்து சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்குப் போகிறாளே, அதற்கு ஏதாவது மதிப்பு உண்டா?

முதலில் நேரடியான பதில். மொழியின் பெயரைப் பார்த்து எந்தக் கல்லூரியும் கூடுதல் மதிப்பெண் போடுவதில்லை. மாண்டரின் எடுத்தவள் கெட்டிக்காரி, ஸ்பானிஷ் எடுத்தவள் சுலபமான வழியில் போனவள் என்று யாரும் கணக்கிடுவதில்லை. ஒரே மொழியில் எந்த நிலை வரை போனாள், இடையில் விட்டாளா, விட்டிருந்தால் அந்த இடத்தில் என்ன பாடம் வந்தது, அவள் பள்ளியில் அதற்கு மேல் படிக்க வாய்ப்பு இருந்ததா என்ற நான்கையும்தான் பார்க்கிறார்கள். தமிழுக்கு மதிப்பு உண்டு. ஆனால் அது தானாக வராது, எழுத்துபூர்வமாக வர வேண்டும். அதைக் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

கல்லூரிகளின் இணையதளத்தில் இரண்டு வகை எண்களைப் பார்ப்பீர்கள். ஒன்று கட்டாயம், மற்றொன்று பரிந்துரை. கலிபோர்னியா பல்கலைக்கழகம், அதாவது பெர்க்லி, யூ.சி.எல்.ஏ. உள்ளிட்ட யூ.சி. வளாகங்கள், ஆங்கிலம் அல்லாத ஒரே மொழியில் 2 ஆண்டு கட்டாயம், 3 ஆண்டு பரிந்துரை என்கின்றன. கலிபோர்னியா ஸ்டேட் வளாகங்களுக்கும் ஒரே மொழியில் 2 ஆண்டு வேண்டும். புளோரிடாவின் மாநிலப் பல்கலைக்கழகங்களும் ஒரே மொழியில் அடுத்தடுத்த 2 நிலைகளைக் கேட்கின்றன. இவை வாசற்படி மாதிரி. இது இல்லையென்றால் விண்ணப்பமே தகுதி பெறாது. தனியார் பல்கலைக்கழகங்களில் எம்.ஐ.டி. 2 ஆண்டு பரிந்துரைக்கிறது. ஸ்டான்ஃபோர்டு ஒரே மொழியில் 3 ஆண்டோ அதற்கு மேலோ. ஹார்வர்டும் பிரின்ஸ்டனும் ஒரே மொழியில் 4 ஆண்டு.

பரிந்துரை என்றால் செய்தாலும் சரி, செய்யாவிட்டாலும் சரி என்று பல பெற்றோர் படித்துக்கொள்கிறார்கள். அங்கேதான் பிசகு நடக்கிறது. நூறு பேர் விண்ணப்பித்தால் நான்கைந்து பேருக்கு இடம் கொடுக்கும் கல்லூரியில், போட்டிக்கு நிற்கும் பெரும்பாலானோர் பரிந்துரையை முடித்தவர்களாகத்தான் இருப்பார்கள். அந்தக் கூட்டத்தில் காரணம் சொல்லாமல் 2 ஆண்டோடு நிற்கும் பிள்ளை தனியாகத் தெரிவாள்.

நீங்கள் மனதில் வைத்திருக்கும் கல்லூரி என்ன எதிர்பார்க்கிறது என்று அறிய ஒரு நல்ல வழி இருக்கிறது. கல்லூரியின் பெயரோடு ‘காமன் டேட்டா செட்’ என்று தேடுங்கள். பல கல்லூரிகள் ஆண்டுதோறும் வெளியிடும் ஆவணம் அது. அதில் சி5 என்ற பகுதியில் ஒவ்வொரு பாடத்துக்கும் எத்தனை ஆண்டு கட்டாயம், எத்தனை ஆண்டு பரிந்துரை என்று அட்டவணை இருக்கும். வெளிநாட்டு மொழிக்கு அதில் தனி வரி உண்டு. அடுத்து சி7 பகுதியைப் பாருங்கள். பாடங்களின் கடினம், மதிப்பெண், கட்டுரை, பொதுநலப் பணி என ஒவ்வொன்றையும் அந்தக் கல்லூரி எவ்வளவு முக்கியமாக நினைக்கிறது என்று அதில் குறித்திருப்பார்கள். போட்டி மிகுந்த கல்லூரிகளில் ‘பாடங்களின் கடினம்’ பெரும்பாலும் ‘மிக முக்கியம்’ என்ற கட்டத்தில்தான் இருக்கும்.

இந்தக் கடினத்தை அவர்கள் தனியாக எடை போடுவதில்லை. பல கல்லூரிகளுக்கு ஒரே இடத்தில் விண்ணப்பிக்க உதவும் ‘காமன் ஆப்’ தளம் வழியாக விண்ணப்பிக்கும்போது பள்ளி கவுன்சிலர் ஒரு படிவம் நிரப்புகிறார். பள்ளியிலுள்ள மற்ற மாணவர்களோடு ஒப்பிட்டால் இந்த மாணவி எடுத்த பாடங்கள் எவ்வளவு கடினமானவை என்று அதில் அவர் ஒரு கட்டத்தைக் குறிக்க வேண்டும். ‘மிகமிகக் கடினம்’ என்ற முதல் கட்டத்தை யாருக்குக் குறிப்பது என்பதற்குப் பல பள்ளிகள் தங்களுக்குள் ஒரு அளவுகோல் வைத்திருக்கின்றன. ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல், மொழி ஆகிய ஐந்தையும் தொடர்ந்து எடுத்திருக்க வேண்டும் என்பது பல இடங்களில் அதில் சேர்ந்திருக்கும். உங்கள் பள்ளியில் எப்படி என்று 9ஆம் வகுப்பிலேயே கேட்டுவிடுங்கள். கேட்பதில் தவறே இல்லை. கவுன்சிலர்கள் இதற்குப் பதில் சொல்லிப் பழகியவர்கள்தான். கவுன்சிலரின் படிவத்தோடு ‘ஸ்கூல் புரொஃபைல்’ என்ற குறிப்பும் போகும். பள்ளியில் எந்த மொழி எந்த நிலை வரை இருக்கிறது என்பது அதிலிருந்து தெரிந்துவிடும். ஸ்பானிஷ் 3 வரைதான் உண்டு என்றால் யாரும் ஏ.பி. ஸ்பானிஷை, அதாவது பள்ளியிலேயே நடக்கும் கல்லூரி நிலைப் பாடத்தை, எதிர்பார்க்க மாட்டார்கள். இருந்தும் எடுக்கவில்லை என்றால்தான் கேள்வி எழும்.

ஆண்டும் நிலையும் வேறு வேறு என்பதில் நிறையக் குழப்பம். உங்கள் மகள் 8ஆம் வகுப்பில் ஸ்பானிஷ் 1 முடித்துவிட்டு 9இல் ஸ்பானிஷ் 2 எடுக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். யூ.சி. நிலையைத்தான் கணக்கில் எடுக்கும். ஸ்பானிஷ் 2இல் ‘சி’ மதிப்பெண்ணோ அதற்கு மேலோ வாங்கினால் ஸ்பானிஷ் 1ஐயும் முடித்ததாக ஏற்றுக்கொள்ளும். ஸ்பானிஷ் 3 முடித்தால் 3 ஆண்டு ஆகிவிட்டது. இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். யூ.சி. தன் சேர்க்கைக்குக் கணக்கிடும் சராசரியில் 9ஆம் வகுப்பு முடிந்த கோடையிலிருந்து 11 முடிந்த கோடை வரை எடுத்த பாடங்கள்தான் சேரும். 8, 9ஆம் வகுப்பு மொழி மதிப்பெண் அந்தச் சராசரிக்குள் வராது. ஆனால் ‘சி’ மதிப்பெண்ணுக்குக் கீழே போனால் பாடம் முடித்ததாகவே ஆகாது. தனியார் கல்லூரிகள் பலவும் நிலையைத்தான் பார்க்கின்றன என்றாலும், 9 முதல் 12 வரை மொழி அட்டவணையில் தொடர்ந்து இருக்கிறதா என்றும் சில பார்க்கும். 11ஆம் வகுப்பில் ஏ.பி. வரை போய் நிறுத்தினால் எங்கேயும் பெரிய பாதகம் இல்லை. பள்ளி கொடுத்த உச்சத்தைத் தொட்டாயிற்று. 8இல் தொடங்கி 9இல் ஸ்பானிஷ் 2 முடித்துவிட்டு, ‘இரண்டு ஆண்டு ஆயிற்று’ என்று 10, 11, 12 மூன்று ஆண்டும் மொழியே இல்லாமல் இருப்பது வேறு சங்கதி. தகுதி இருக்கும், ஆனால் பலவீனமான விண்ணப்பம்.

நடுநிலைப் பள்ளியில் எடுத்த ஸ்பானிஷ் 1 பல பிள்ளைகளுக்குப் பிற்பாடு சிக்கல் தருவதும் உண்டு. அங்கே வேகம் குறைவு. வினைச்சொல் வாய்பாட்டை மனப்பாடம் செய்து ஏ வாங்கிவிடலாம். ஸ்பானிஷ் 2இலும் சமாளித்துவிடுவார்கள். ஸ்பானிஷ் 3இல் இரண்டு வகை இறந்தகாலத்தையும் ஒரே கதைக்குள் மாற்றி மாற்றிப் பயன்படுத்த வேண்டும், கூடவே விருப்பம், ஐயம் போன்றவற்றைச் சொல்லும் ‘சப்ஜங்டிவ்’ வினை வடிவமும் வந்துவிடும். அஸ்திவாரம் ஆடுகிற பிள்ளைக்கு அங்கேதான் முதல் சி விழுகிறது. அதுவும் 10ஆம் வகுப்பில், அதாவது யூ.சி. சராசரிக்குள். எனவே 8ஆம் வகுப்பு முடிவில் மகளால் ஸ்பானிஷில் ஐந்து நிமிடம் குறிப்பைப் பார்க்காமல் பேச முடிகிறதா, ஒரு பக்கம் அகராதி இல்லாமல் எழுத முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் 9இல் மறுபடி ஸ்பானிஷ் 1 எடுப்பது வெட்கப்பட வேண்டிய விஷயமே இல்லை. 12இல் ஸ்பானிஷ் 4க்கு வந்து சேர்ந்தால் நான்கு ஆண்டு முழுமையாக ஆகிறது.

சரி, எந்த மொழி? பெயர் முக்கியமில்லை என்றாலும் ஒவ்வொரு மொழிக்கும் தேவைப்படும் உழைப்பு ஒன்றல்ல. அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு மொழி கற்பிக்கும் நிலையத்தின் கணக்குப்படி, பணி செய்யும் அளவுக்கு ஸ்பானிஷோ பிரெஞ்சோ கற்க சுமார் 600 முதல் 750 வகுப்பு மணி நேரம் ஆகும். மாண்டரினுக்கு 2200 மணி. உயர்நிலைப் பள்ளியில் நாளுக்கு 50 நிமிடம், ஆண்டுக்கு 180 நாள் என்றால் 150 மணி. நான்கு ஆண்டில் 600. ஸ்பானிஷில் அந்த 600 மணியில் உருப்படியாக ஏதாவது கையில் நிற்கும். மாண்டரினில் அதே உழைப்புக்குக் கால்வாசித் தூரத்தைச் சற்றே தாண்டலாம், அவ்வளவுதான். வீட்டுக்கு வெளியே கூடுதலாக நேரம் செலவிடத் தயார் என்றால், அந்த மொழி மீது உண்மையான ஆசை இருந்தால், தாராளமாக எடுக்கலாம். கல்லூரிக்காக மட்டும் எடுப்பது வீண். சில பள்ளிகளில் மாண்டரின் உயர்நிலை வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் அதைப் பேசி வளர்ந்தவர்கள். உங்கள் மகள் அவர்களோடு ஒரே அளவுகோலில் மதிப்பெண் வாங்க வேண்டியிருக்கும். ஏ.பி. சீனத் தேர்வில் 5 வாங்குவோர் விகிதம் மிக அதிகமாக இருப்பதற்கும் இதுவே காரணம். அந்த விகிதத்தைப் பார்த்துத் தேர்வு சுலபம் என்று நினைத்துவிட வேண்டாம். ஏ.பி. தேர்வை நடத்தும் காலேஜ் போர்டு பள்ளியில் மட்டும் கற்றவர்களின் முடிவைத் தனியாகவும் வெளியிடுகிறது, அதைப் பாருங்கள்.

லத்தீன் நல்ல தேர்வு, எல்லாக் கல்லூரிகளும் ஏற்கின்றன. பேச்சுக் கிடையாது, வாசிப்பும் மொழிபெயர்ப்பும்தான். பேசக் கூச்சப்படும் பிள்ளைக்கும் இலக்கணத்தைப் புதிர் போல் ரசிக்கும் பிள்ளைக்கும் ஒத்துவரும். ஒரே ஒரு ஆபத்து: பல பள்ளிகளில் லத்தீனுக்கு ஒரே ஆசிரியர். அவர் விலகினால் மூன்றாம் ஆண்டே வகுப்பு இல்லாமல் போகலாம். கடந்த நான்கு ஆண்டும் லத்தீன் 4 நடந்ததா, எத்தனை பேர் இருந்தார்கள் என்று விசாரித்துவிட்டுச் சேருங்கள். அமெரிக்க சைகை மொழியை யூ.சி., கலிபோர்னியா ஸ்டேட், புளோரிடா எல்லாம் மொழிப் பாடமாக ஏற்கின்றன. தனியார் கல்லூரியில் ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும்.

இரண்டு ஆண்டு ஸ்பானிஷ், இரண்டு ஆண்டு பிரெஞ்சு என்று மாற்றிப் படிப்பதைத் தவிருங்கள். கூட்டினால் நான்கு வந்தாலும் எந்தக் கல்லூரியும் அதை நான்காண்டாகப் பார்ப்பதில்லை. இரண்டு தொடக்கநிலைதான். பள்ளி மாறியதாலோ வகுப்பு மூடப்பட்டதாலோ மாற நேர்ந்தால் பிரச்சினை இல்லை, ஆனால் அந்தக் காரணத்தைக் கவுன்சிலர் தன் கடிதத்தில் ஒரு வரி எழுத வேண்டும். டிஸ்லெக்சியா போன்ற கற்றல் சிரமம் உள்ள பிள்ளைக்குப் பள்ளி மொழி விலக்கு கொடுத்தாலும் பல்கலைக்கழகம் அதை அப்படியே ஏற்கும் என்று நினைத்துவிடக் கூடாது. ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் முன்கூட்டியே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள்.

பொறியியல் கேள்விக்கு வருவோம். ஒரே பல்கலைக்கழகத்துக்குள்ளேயே பொறியியல் கல்லூரி மொழியை லேசாகவும் கலை அறிவியல் கல்லூரி கண்டிப்பாகவும் பார்ப்பது சாதாரணம். 2 ஆண்டு முடித்தால் யூ.சி. பொறியியலுக்குத் தகுதி வந்துவிடும். என் கருத்து, 3ஆம் நிலையை முடிக்காமல் விடாதீர்கள். 3 முடித்த பிறகு அந்த இடத்தில் ஏ.பி. பாடங்களான ‘இயற்பியல் சி’யோ ‘கால்குலஸ் பி.சி.’யோ வருகிறது, வேறு வழியில் அட்டவணையில் அது பொருந்தவில்லை என்றால், பொறியியலுக்கு அது நியாயமான மாற்று. விண்ணப்பம் படிப்பவருக்கு அது புரியும். அந்த இடத்தில் காலி நேரமோ லேசான விருப்பப் பாடமோ வந்தால் அதுவும் புரியும். 14 வயதில் பொறியியல் என்று சொல்லும் பிள்ளை 17இல் பொருளாதாரம் என்று மாறுவது நடக்காத காரியமில்லை. மொழியை 2இல் வெட்டிவிட்டால் பல கதவுகளை அப்போதே மூடியது போலாகிவிடும்.

அட்டவணை இடிக்கிறது என்றால் கம்யூனிட்டி காலேஜ், அதாவது உள்ளூர் இரண்டாண்டுக் கல்லூரி, ஒரு வழி. அங்கே ஒரு செமஸ்டர் மொழிப் பாடம் பொதுவாக உயர்நிலைப் பள்ளியின் ஓராண்டுக்குச் சமம். கலிபோர்னியாவில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்குப் பெரும்பாலும் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. யூ.சி.க்கு மாற்றிக்கொள்ளத்தக்க பாடமாக இருந்தால் யூ.சி. கணக்கில் கூடுதல் புள்ளியும் உண்டு. ஆனால் பதினாறு வாரப் பாடத்தைக் கோடையில் ஆறு, எட்டு வாரத்தில் நடத்துவார்கள். தினமும் மூன்று மணி நேரம் வகுப்பு, அதே அளவு வீட்டுப்பாடம். அந்தக் கோடையில் ஊருக்குப் போகும் திட்டம் இருந்தால் சேர்க்காதீர்கள். அங்கே வாங்கும் மதிப்பெண் நிரந்தரக் கல்லூரிப் பதிவு. பிற்காலத்தில் மருத்துவப் படிப்புக்கோ மேற்படிப்புக்கோ விண்ணப்பித்தாலும் அதைக் காட்ட வேண்டிவரும்.

இனி தமிழ். ஏ.பி. மொழித் தேர்வுகள் ஸ்பானிஷ், பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலியன், சீனம், ஜப்பானியம், லத்தீன் ஆகியவற்றுக்கு மட்டுமே உண்டு. தமிழுக்கு இல்லை. ஆகையால் தமிழை வேறு வழிகளில்தான் ஆவணமாக்க வேண்டும்.

முதல் வழி, பள்ளிப் பதிவேட்டில் ஏற்றுவது. தரச்சான்று பெற்ற தமிழ்ப் பள்ளிகளில் படித்ததற்குச் சில பள்ளி மாவட்டங்கள் உலக மொழிக்கான மதிப்பலகு (கிரெடிட்) கொடுக்கின்றன. கொடுக்குமா இல்லையா என்பது மாவட்டத்தின் விருப்பம். அக்கம்பக்கத்து மாவட்டத்தில் கிடைத்தது உங்களுக்கும் கிடைக்கும் என்று நம்பாதீர்கள். வெளிப் பாடத்துக்கான அனுமதிப் படிவத்தைப் பாடம் தொடங்கும் முன்பே கொடுக்க வேண்டும் என்று பல மாவட்டங்கள் விதி வைத்திருக்கின்றன. 11ஆம் வகுப்பில் போய்ப் பழைய வருடங்களுக்குக் கேட்டால் பெரும்பாலும் நடக்காது. நீங்கள் 8ஆம் வகுப்பிலேயே கேட்பதால் நேரம் இருக்கிறது.

இரண்டாவது, இருமொழித் திறனுக்கான மாநில முத்திரை, ‘சீல் ஆஃப் பைலிட்டரசி’. கலிபோர்னியா 2011இல் இதற்குச் சட்டம் இயற்றியது, பின்னர் மற்ற மாநிலங்களும் தொடர்ந்தன. ஏ.பி. இல்லாத மொழிகளுக்கு வேறு அங்கீகரிக்கப்பட்ட தேர்வு வழியாகத் திறனைக் காட்டலாம். அமெரிக்க மொழி ஆசிரியர்களின் சங்கமான ஆக்ட்ஃபில் அமைப்பின் வாய்மொழி நேர்காணல் தேர்வு தமிழுக்கு உண்டு. எந்தத் தேர்வில் எந்த நிலை வேண்டும் என்பதை மாவட்ட உலக மொழி அலுவலகம் சொல்லும். நம் பிள்ளைகள் தடுக்கி விழும் இடத்தை இங்கே சொல்ல வேண்டும். சாப்பாடு, பள்ளி, தாத்தா பாட்டி, விடுமுறை என்று வீட்டுப் பேச்சில் மடமடவென்று பேசுவார்கள். நேர்காணல் செய்பவர் படிப்படியாகக் கேள்வியை உயர்த்துவார். ‘உங்கள் ஊரில் தண்ணீர்ப் பிரச்சினை பற்றி என்ன நினைக்கிறீர்கள், ஐந்து வருடத்துக்கு முன் எப்படி இருந்தது, இனி என்ன செய்ய வேண்டும்’ என்று வரும்போது சொல் கிடைக்காமல் பாதி வாக்கியம் ஆங்கிலத்துக்குத் தாவிவிடும். அந்தத் தாவல்தான் நிலையைக் கீழே இழுக்கிறது. பேச்சுத் தமிழில் பேசுவதால் நிலை குறைவதில்லை. பொது விஷயத்தைத் தொடர்ச்சியாகப் பேச முடியாததுதான் குறை. தேர்வுக்கு ஆறு மாதம் முன்பிருந்து வாரம் இருமுறை ஒரு செய்தியைப் படித்து, அதை வீட்டில் தமிழிலேயே பத்து நிமிடம் பேசவைத்தால் பெரிய மாற்றம் தெரியும். எழுத்துத் தேர்வும் சேர்ந்தால், ழ, ள, ல குழப்பத்தைவிட ஒரு பத்தியை முடிக்கும் வேகம்தான் தடை. கையால் எழுதிப் பழகியவர்கள் தட்டச்சில் திணறுவார்கள், ஆகவே எந்த முறையில் தேர்வு என்று முதலிலேயே கேளுங்கள்.

மூன்றாவது, ஊரிலிருந்து நடுவில் வந்த பிள்ளைகளுக்கு. ஆங்கிலம் அல்லாத மொழி வழியில் 6ஆம் வகுப்போ அதற்கு மேலோ இரண்டு ஆண்டு முறையாகப் படித்திருந்தால் யூ.சி.யின் மொழித் தேவை நிறைவேறும். தமிழ்வழிப் பள்ளியில் படித்தவர்களுக்கு இது பொருந்தும். ஆங்கிலவழிப் பள்ளியில் தமிழை ஒரு பாடமாகப் படித்தது இதில் சேராது. உங்கள் மகளுக்கு இது தேவைப்படாது, ஆனால் சமீபத்தில் வந்த குடும்பங்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் பிள்ளையை 10ஆம் வகுப்பில் ஸ்பானிஷ் 1இல் உட்காரவைத்துச் சிரமப்படுத்துகிறவர்கள் உண்டு.

நான்காவது, விண்ணப்பம். காமன் ஆப்பில் தெரிந்த மொழிகளைக் குறிக்கத் தனி இடம் உண்டு. பேசுவது, படிப்பது, எழுதுவது, வீட்டில் பேசுவது என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் குறிக்கலாம். உண்மையை மட்டும் குறியுங்கள். படிக்கத் தெரியாமல் ‘படிப்பேன்’ என்று குறித்துவிட்டு, நேர்காணலில் தமிழ் தெரிந்தவர் எதிரே உட்கார்ந்தால் சங்கடம். தமிழ்ப் பள்ளியைச் செயல்பாடுகளின் பட்டியலிலும் சேர்க்கலாம். பத்து இடங்கள், ஒவ்வொன்றின் விவரத்துக்கும் 150 எழுத்துகள். ‘தமிழ்ப் பள்ளி மாணவி’ என்று எழுதுவதில் பயன் குறைவு. 10ஆம் வகுப்பிலிருந்து அங்கேயே சின்னப் பிள்ளைகளுக்கு உதவி ஆசிரியராக இருந்து, வாரம் எத்தனை மணி, எத்தனை பிள்ளைகள், என்ன பாடம் தயாரித்தாள் என்று எழுதினால் அது வேறு எடை.

இவ்வளவும் இருந்தாலும், பள்ளிப் பதிவேட்டில் ஏறாத தமிழ் ஸ்பானிஷுக்கு ஈடாகும் என்று நம்பிப் பள்ளி மொழியைக் கைவிடாதீர்கள். சில தனியார் கல்லூரிகள் வேறொரு மொழியில் திறன் இருந்தால் போதும் என்று ஏற்கலாம், சில ஏற்காது. கேட்டுத் தெரிந்துகொள்ள 11ஆம் வகுப்பின் தொடக்கம் சரியான நேரம். சேர்க்கை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினால் பதில் வரும், அதைச் சேமித்து வையுங்கள்.

கடைசியாக 12ஆம் வகுப்பு. விண்ணப்பத்தில் ‘ஸ்பானிஷ் 4’ என்று எழுதிவிட்டு, அனுமதிக் கடிதம் வந்த பிறகு ஜனவரியில் அதைக் கைவிடும் பிள்ளைகள் ஒவ்வொரு ஆண்டும் இருக்கிறார்கள். சேர்க்கை என்பது விண்ணப்பத்தில் எழுதிய பாடங்களை முடிப்பதாக ஒப்புக்கொண்டு கிடைப்பது. யூ.சி. உட்படப் பல கல்லூரிகள் பாட மாற்றத்தை உடனே தெரிவிக்கச் சொல்கின்றன. தெரிவிக்காமல் ஜூலையில் இறுதிப் பதிவேடு போய்ச் சேர்ந்தால், கொடுத்த இடத்தைத் திரும்பப் பெறவும் அவர்களுக்கு உரிமை உண்டு. எனவே விடுவதாக இருந்தால் முதலில் கல்லூரிக்கு எழுதிச் சம்மதம் வாங்குங்கள், அதற்குப் பிறகு கவுன்சிலரிடம் போங்கள்.